மன்றம் விளையாட வந்த வீடு

எங்கள் ஊரில் குழந்தைகள் விளையாடுகிறார்கள் என்ற செய்தி ஒரு செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் மண்டல விளையாட்டுவழிக் கற்றல் மன்றத்தின் காதுக்கு எட்டியது. அதுவரை அவர்கள் யாருடைய ஒப்புதலும் இல்லாமல்தான் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

அவர்களில் என் மகள் பொரோகாவும் ஒருத்தி. திஸா ஆற்றங்கரையை ஒட்டி, எங்கள் தெருவிலேயே, இபோயா தன் வீட்டில் குழந்தைகள் காப்பகம் நடத்திவந்தாள். குழந்தைகளுக்கு அவள் இபோயா நேனி. எங்கள் பக்கம் அத்தை வயதுள்ள எல்லாருமே நேனிதான். வீட்டுக் காப்பகத்தில் ஐந்து பேருக்கு மேல் சேர்க்கக் கூடாது என்பது சட்டம். ஐந்து பேர்தான் இருந்தார்கள். உதவிக்கு அவளுடைய நாத்தனார் யோலான்.

இபோயா சத்தமாகச் சிரிப்பாள், சத்தமாகத் தும்முவாள், கொல்லையில் திரியும் சேவலை ஒரே அதட்டலில் அடக்குவாள். ஆனால் முத்திரை குத்திய கடிதம் வந்தால் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டுதான் பிரிப்பாள். அரசாங்கம் என்றால் அவளுக்கு அப்படி ஒரு பயம். யோலான் நேர்மாறு. அவள் யாருக்கும் பயந்து நாங்கள் பார்த்ததில்லை. அவளுக்கு மற்றவர்கள் பயந்ததைப் பார்த்திருக்கிறோம்.

அந்தக் காப்பகம் இல்லாவிட்டால் எங்களுக்குப் பிழைப்பே இல்லை. ஐந்து குழந்தைகளின் பெற்றோரும் அக்கரையில் இருக்கிற தக்காளி ஆலையில் வேலை செய்கிறவர்கள். செப்டம்பரில் தக்காளி மலை மலையாக வந்து குவியும். அந்த மாதத்தில் ஒருவர் ஒரு நாள் வராமல் போனால் மறுநாள் அவர் இடத்தில் வேறொருவர் தொப்பி போட்டுக்கொண்டு நிற்பார்.

முதலில் வந்தவர் ஆய்வாளர் ஹென்ரியெட்டா. சாம்பல் நிறக் கோட்டு, கழுத்தில் அடையாள அட்டை, முகத்தில் பல்வலிக்காரர்களின் பொறுமை. அவர் வந்தபோது என் மகளும் வின்ட்சே என்ற பையனும் சாப்பாட்டு மேசைக்கு அடியில் முள்ளெலிகளாகப் படுத்திருந்தார்கள். ஓர்ஷி கோழிகளிடம் ஏதோ புகார் சொல்லிக்கொண்டிருந்தாள். எல்லாரிலும் சின்னவனான மார்ட்சி ஜன்னல் கண்ணாடியை நக்கிக்கொண்டிருந்தான். மூன்று வயது ஜோம்போர் ஒரு வாளியிலிருந்து இன்னொரு வாளிக்கு உருளைக்கிழங்குகளை மாற்றிக்கொண்டிருந்தான். காலையிலிருந்து அதுதான் அவனுக்கு வேலை.

ஹென்ரியெட்டா அவன் பக்கத்தில் குனிந்தார்.

"தம்பி, என்ன பண்றே?"

"உருளைக்கிழங்கு."

"அது தெரியுது. எதுக்காகப் பண்றே?"

ஜோம்போர் யோசித்தான். "அங்க இருக்கு. இங்க இல்ல."

"சரி, எல்லாம் இங்க வந்துட்டா?"

"அப்ப அங்க இருக்காதுல்ல" என்றான் ஜோம்போர், இதுகூடத் தெரியாதவரைப் பார்க்கிற பார்வையோடு.

ஆய்வாளர் நிமிர்ந்தார். "இந்தக் குழந்தைக்கு நோக்கமே இல்லையே" என்றார் இபோயாவிடம்.

"அவன் சந்தோஷமாத்தான் இருக்கான் மேடம்."

"அதுதான் கவலையா இருக்கு. நோக்கமே இல்லாம ஒரு குழந்தை இவ்வளவு சந்தோஷமா இருந்தா அது எங்க போய் முடியும்? பசங்க விளையாடறது எங்களுக்கும் தெரியும் இபோயா அம்மா. ஆனா அது விளையாட்டுதானான்னு யாராவது சொல்ல வேண்டாமா? அதுக்குத்தான் மன்றம் இருக்கு."

மறுவாரமே உத்தரவு வந்தது. இபோயா கை கழுவிவிட்டுப் பிரித்தாள். தன்னிச்சையான விளையாட்டு இனிமேல் காலை ஒன்பதரை முதல் பத்து வரை மட்டுமே நடைபெற வேண்டும். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் மணி அடிக்க வேண்டும். இதர நேரங்களில் தன்னிச்சையாக எதுவும் நடந்துவிடாமல் காப்பாளர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இபோயா மணி வாங்கினாள். ஒன்பதரைக்கு அடித்தாள். ஐந்து பேரும் மணிக்காக அடித்துக்கொண்டார்கள். பத்து மணிக்கு அவள் மறுபடி அடித்தபோது ஜோம்போர் இரண்டு வாளிகளுக்கும் நடுவே, கையில் ஒரு கிழங்கோடு நின்றுகொண்டிருந்தான்.

"நிறுத்தணும்டா கண்ணு. மணி அடிச்சாச்சு."

அவன் நிறுத்திவிட்டான். ஆனால் கிழங்கைக் கீழே வைக்கவில்லை. வைத்தால் விளையாட்டு ஆகிவிடுமே. சாயங்காலம் அதோடுதான் வீட்டுக்குப் போனான். அன்றைக்கு அவனைக் குளிப்பாட்டும்போதும் அது கையிலேயே இருந்தது என்று அவன் அம்மா ஆலையில் எங்களிடம் சொன்னாள்.

அடுத்தது பயிற்சி. வீட்டுக் காப்பகம் நடத்துகிறவர்கள் எல்லாரும் மன்றத்தின் பெரிய கட்டடத்துக்கு வரவேண்டும் என்றார்கள். இபோயா கல்யாணங்களுக்கு மட்டும் போடும் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனாள். மன்றத் தலைவர் டாக்டர் லோராண்ட் மேடையேறிப் பேசினார். நெடுநெடுவென்ற உயரம். கழுத்துப் பட்டைக்கு மேலே அசையாத முகம்.

"விளையாட்டுக்காகவே என் வாழ்க்கையை அர்ப்பணிச்சிருக்கேன். இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட விளையாட எனக்கு நேரம் கிடைச்சதில்ல. அந்தத் தியாகத்தோட பலன்தான் இந்தக் கட்டடம்" என்றார்.

எல்லாரும் கைதட்டினார்கள்.

"சில பேர் கேக்கறாங்க, மன்றம் வர்றதுக்கு முன்னாடி குழந்தைங்க விளையாடலையான்னு. விளையாடியிருக்கலாம். ஆதாரம் இல்ல."

இதற்கும் கைதட்டினார்கள்.

பிறகு தேர்வு. ஆளுக்கொரு குச்சியைக் கொடுத்துக் குதிரை ஓட்டச் சொன்னார்கள். இபோயா கால்களுக்கு நடுவே குச்சியை வைத்து இரண்டு எட்டு குதித்தாள். பக்கத்தில் கனத்த சரீரமுள்ள ஒரு காப்பாளர் மூச்சிரைக்கக் கனைத்துக்கொண்டே போவதைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு பொங்கிவிட்டது. அவள் சிரிப்புதான் தெரியுமே, கூடமே அதிர்ந்தது.

"விளையாட்டுத் தேர்வுல சிரிக்கக் கூடாது" என்றார் தேர்வாளர். "சரி, போகட்டும். இந்தக் குச்சி வேற என்னவெல்லாம் ஆகும்? கற்பனை பண்ணிச் சொல்லுங்க."

இபோயா குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அடுப்புல வைக்கலாம்" என்றாள்.

தோற்றுப்போனாள். விளையாடத் தெரியாத ஒருத்தியிடம் ஐந்து குழந்தைகளை விட்டுவைக்க முடியாது என்பதால், மன்றம் தன் செலவில் ஒரு விளையாட்டு ஒருங்கிணைப்பாளரை அவள் வீட்டுக்கே அனுப்பியது.

அவர் பெயர் பொட்டொண்ட். மீசை வைத்த, ஒழுங்கான மனிதர். குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்து எப்படி விளையாட வேண்டும் என்று செய்து காட்டுவது அவர் பணி. அவரோடு நான்கு பெட்டிகள் நிறைய மரக்கட்டைகள் வந்தன. வர்ணம் பூசாத, மூலை மழுக்கிய, கையில் பட்டால் வெண்ணெய்போல் இருக்கிற கட்டைகள். பொட்டொண்ட் முதல் நாள் ஒரு கோபுரம் கட்டினார். ஐந்து குழந்தைகளும் அதைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள். வின்ட்சே ஒரு கட்டையை எடுக்கக் கையை நீட்டினான்.

"ஏய், ஏய், தொடாதே! பாதியில இருக்குல்ல" என்றார் பொட்டொண்ட்.

பொட்டொண்ட் சரியாக விளையாடுகிறாரா என்று பார்க்க இரண்டாம் நாள் ஹென்ரியெட்டா வந்தார். தரையில் உட்காராமல் பார்க்க முடியாது என்பதால் கோட்டைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில், "அந்தப் பக்கம் ஒரு பாலம் வந்தா நல்லாயிருக்கும்" என்றார். "பாலம் என்னோட திட்டத்துல இல்ல" என்றார் பொட்டொண்ட். இருவருக்கும் கடுமையான வாக்குவாதம் நடந்தது. கடைசியில் ஹென்ரியெட்டா பாலத்தைத் தானே தனியாகக் கட்டிக்கொண்டார். அன்று சாயங்காலம் அவர் முகத்தில் அந்தப் பல்வலி இல்லை என்று யோலான் சொன்னாள்.

விவகாரம் மன்றத்துக்குப் போயிற்று. பாலத்தைப் பற்றி விசாரிக்கத் துணைத் தலைவர் வந்தார். வந்தவர் சுரங்கப்பாதை தோண்டினார். கணக்குப் பிரிவிலிருந்து இரண்டு பேர் கட்டைகளைச் சரிபார்க்க வந்து, சரிபார்த்தவற்றை அடுக்கி, அடுக்கியதைத் தள்ளிவிட்டு, மறுபடி சரிபார்த்தார்கள். சட்டப் பிரிவுக்காரர் கொல்லைப் பக்கம் மண்ணைப் பார்வையிடப் போய் முழங்கை வரை சேற்றோடு திரும்பினார். "நாளைக்கும் பார்க்க வேண்டியிருக்கும்" என்று மட்டும் சொன்னார். மற்றப் பிரிவுக்காரர்களும் ஒவ்வொருவராக வந்து சேர, செப்டம்பர் முடிவதற்குள் குழந்தைகளின் உயரத்துக்கு அடித்த ஆணிகளில் பெரியவர்களின் கோட்டுகள் வரிசையாகத் தொங்கின, கீழ் முனைகள் தரையைப் பெருக்கியபடி.

இபோயா பெரிய பானையை வெளியே எடுத்தாள். பாலில் ரவையை வேகவைத்து, சர்க்கரையும் கொக்கோவும் தூவிக் கொடுத்தாள். துணைத் தலைவர் தன் கிண்ணத்தில் கொக்கோ குறைவாக இருக்கிறது என்றார். கணக்குப் பிரிவுக்காரர்கள் ஒருவர் கிண்ணத்தை ஒருவர் எட்டிப் பார்த்தார்கள். சாப்பிட்டதும் எல்லாருக்கும் கண்ணைச் செருகிக்கொண்டு வந்தது. படுக்கை விரிப்புகளைப் போட்டாள். குழந்தைகளுக்கு இடமில்லை. அவர்கள் சுவரோரம் இருந்த பெஞ்சில் ஐந்து பேராக உட்கார்ந்து, மன்றம் தூங்குவதைப் பார்த்தார்கள்.

"அப்பா, அவங்க நல்லா விளையாடறாங்கப்பா" என்றாள் என் மகள் அன்றைக்கு. "நாங்க சத்தம் போட்டா கெட்டுப் போயிடும்."

கடைசியாகத் தலைவரே வந்தார். டாக்டர் லோராண்ட் வாசலில் நின்று கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். அவருடைய ஊழியர்கள் எல்லாரும் தரையில் இருந்தார்கள். இபோயா தன் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். திட்டு விழும் என்று அவள் காத்திருந்தாள், தனக்கல்ல, அவர்களுக்கு.

"இங்க எத்தனை பேர் விளையாடறாங்க?" என்று கேட்டார் அவர்.

ஹென்ரியெட்டா எழுந்து எண்ணினார். கோபுரத்துக்குப் பின்னால் இருந்தவர்களையும் எண்ணினார். "பத்தொன்பது."

"உரிமம் எத்தனை பேருக்கு?"

"அஞ்சு."

"இது பெரிய விதிமீறலாச்சே" என்றார் தலைவர். "யாராவது வெளியே போயாகணும்."

அதிகாரிகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சட்டப் பிரிவுக்காரர் சேற்றுக் கையைத் தூக்கினார். "ஐயா, நாங்க உத்தியோக முறையில வந்திருக்கோம். உத்தியோகத்துல இருக்கறவங்களை உரிமம் கட்டுப்படுத்தாது. ஆனா இந்தக் குழந்தைங்க..." அவர் பெஞ்சைப் பார்த்தார். "இவங்க எந்த முறையில வந்திருக்காங்கன்னே தெரியலை."

"டாக்டர் ஐயா" என்றாள் இபோயா. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "இது குழந்தைங்க காப்பகம்."

"பேர் அப்படித்தான் இருக்கு. பேரை மாத்த வேண்டாம். ஆனா யோசிச்சுப் பாருங்க. இந்த வீட்டுல விளையாட்டோட தரம் இப்ப எங்கேயோ போயிருக்கு. இந்தக் கட்டத்துல குழந்தைங்களை உள்ள விட்டா என்ன ஆகும்? எல்லாத்தையும் கலைச்சிடுவாங்க. குழந்தைங்களுக்காகத்தான் இவ்வளவும் பண்றோம். அவங்களே அதுக்குத் தடையா இருக்கலாமா?"

"அப்ப அவங்க எங்க போவாங்க ஐயா? அவங்க அப்பா அம்மா எல்லாம் ஆலையில..."

"நாளைக்கும் இவங்க இங்க இருந்தா உரிமம் ரத்து" என்றார் தலைவர் கனிவோடு. பிறகு கோட்டைக் கழற்றித் தாழ்ந்த ஆணியில் மாட்டிவிட்டு, முழங்கால் சொடக்கிடத் தரையில் உட்கார்ந்தார்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன் நாங்கள் ஐந்து குடும்பமும் இபோயாவின் சமையலறையில் நின்றோம். ஜோம்போரின் அம்மா அழுதாள். நகராட்சிக் காப்பகத்தில் இடம் கேட்டால் பிள்ளை பள்ளிக்கூடம் முடித்த பிறகுதான் கூப்பிடுவார்கள். என் மனைவியும் நானும் யார் வேலையை விடுவது என்று பேச ஆரம்பித்தோம். இபோயா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எல்லாம் என்னாலதான். நான் அந்தக் குச்சிக்கு ஏதாவது நல்ல பதிலா சொல்லியிருக்கணும்" என்றாள்.

"குச்சியைத் தூக்கி அடுப்புல போடு அண்ணி" என்றாள் யோலான். அவள் ரொட்டியில் பன்றிக்கொழுப்பைத் தடவி, மேலே வெங்காயத்தை அடுக்கிக்கொண்டிருந்தாள். "நான் ஒண்ணு கேக்கறேன். மன்றத்துக்காரங்க மொத்தப் பேரும் இங்க இருக்காங்க. அப்ப அங்க யாரு இருக்கா?"

கேட்டுவிட்டு அடுத்த ரொட்டித் துண்டை எடுத்தாள்.

மறுநாள் காலை அவள் ஐந்து பேரையும் ஒரு கயிற்றைப் பிடிக்கவைத்து, வரிசையாக நடத்தி, ஊர் நடுவில் இருக்கிற மன்றத்துக்குக் கூட்டிப் போனாள். இபோயாவால் போக முடியவில்லை. விளையாட்டு நடக்கிற இடத்தில் காப்பாளர் இருந்தே ஆகவேண்டும் என்பது விதி. வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவர்கள் முனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். ஓர்ஷி மட்டும் திரும்பித் திரும்பிக் கோழிகளுக்கு டாட்டா காட்டினாள்.

மன்ற வாசலில் காவலாளி ஷாமு பாச்சி சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார். குழந்தைகள் மாமா வயதுக்காரர்களை அழைக்கிற முறைப்படி ஊரே அவரைப் பாச்சி என்றுதான் கூப்பிடும்.

"யாரைப் பாக்கணும்?" என்றார்.

"யாரு இருக்காங்க?" என்றாள் யோலான்.

"நான் இருக்கேன்."

"அப்ப உங்களைத்தான் பாக்கணும்."

இத்தனை வருடத்தில் அவரைப் பார்க்க என்று யாரும் அந்தக் கட்டடத்துக்கு வந்ததில்லை. கதவை அகலத் திறந்துவிட்டார்.

உள்ளே என்ன இருந்தது என்று என் மகள் என்னிடம் ஒரு வாரம் சொன்னாள். ஓடினால் முடியாத தாழ்வாரம். சுற்றும் நாற்காலிகள். பெரிய மேசைகள், ஒவ்வொன்றுக்கும் அடியில் நாலு முள்ளெலி படுக்கலாம். மை அட்டைகள், ரப்பர் முத்திரைகள். யாரும் தண்ணீர் ஊற்றாமல் வாடிக்கிடந்த தொட்டிச் செடிகள்; ஓர்ஷி அவற்றிடம் பேசப் பேசத் துளிர்விட்டதாக என் மகள் சொல்கிறாள், அதற்கு நான் பொறுப்பல்ல.

ஒரு நாள் பக்கத்து ஊரிலிருந்து ஒரு பெண் வந்தாள். வீட்டுக் காப்பகம் திறக்க அனுமதி கேட்டு நெடுங்காலமாக அலைகிறவள். முகப்பு மேசைக்குப் பின்னால் நாற்காலியில் மண்டியிட்டு என் மகள் நின்றிருந்தாள்.

"என்ன வேணும்?" என்றாள் என் மகள்.

"அனுமதிக்கு வந்தேன்."

என் மகள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "ஒண்ணுக்கு வருதா? நடந்தே வந்தீங்களா? கால் வலிக்குதா?"

அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. "இந்த ஆபீசுல என்னைப் பத்தி ஒருத்தர் விசாரிக்கறது இதான் முதல் தடவை" என்றாள் யோலானிடம். மார்ட்சி அவள் விண்ணப்பத்தை முதலில் நக்கிப் பார்த்தான். பிறகு முத்திரையை எடுத்து அதன்மேல் இஷ்டத்துக்குக் குத்தினான்; அவள் நெற்றியிலும் ஒன்று வைத்தான். அவள் அந்த நெற்றியோடேயே பஸ் ஏறிப் போனாள்.

செய்தி பரவியது. மறுநாளிலிருந்து வரிசை நின்றது. கிடப்பில் கிடந்ததெல்லாம் நகர்ந்தது. தலைநகரில் அமைச்சகத்துக்காரர்கள் கணக்கைப் பார்த்துத் திகைத்துப்போய், எந்த மன்றம் இப்படி வேலை செய்கிறது என்று நேரில் பார்க்க ஒரு செயலரை அனுப்பினார்கள்.

செயலர் தலைவர் அறைக்குள் எட்டிப் பார்த்தார். தலைவரின் நாற்காலியில் ஜோம்போர் உட்கார்ந்து, இடது இழுப்பறையிலிருந்த கிளிப்புகளை ஒவ்வொன்றாக வலது இழுப்பறைக்கு மாற்றிக்கொண்டிருந்தான்.

"தலைவர் என்ன பண்றார்?" என்று மெல்லக் கேட்டார்.

"வேலையா இருக்கார்" என்றாள் யோலான்.

செயலர் வெகுநேரம் நின்று பார்த்தார். "எங்க அமைச்சகத்துலயும் இதுதான் வேலை. ஆனா இவ்வளவு கவனமா யாரும் செய்யறதில்ல" என்றார் பெருமூச்சோடு. போகும்போது, நடப்பது எதையும் மாற்றக் கூடாது என்று எழுத்துமூலம் உத்தரவிட்டுவிட்டுப் போனார். அதன்படி குழந்தைகள் மன்றத்தில், மன்றம் இபோயா வீட்டில். சட்டப்படியே ஆகிவிட்டது. உரிமம் தப்பியது. எங்கள் ஐந்து குடும்பத்திலும் ஒருவருக்கும் வேலை போகவில்லை.

இபோயாதான் பாவம். குழந்தைகளைப் பார்க்காமல் முதல் சில நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு ஒரு வழி கண்டுபிடித்தாள். மதியம் தலைவரோடு சேர்த்து இருபது பேருக்கும் ரவையைக் கொடுத்து, போர்வையைப் போர்த்தி, திரையை இழுத்துவிடுவாள். துணைத் தலைவர் மட்டும் முதுகில் தட்டிக் கொடுத்தால்தான் தூங்குவார். அவரும் தூங்கியதும் மீதிப் பானையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு மன்றத்துக்குப் பறப்பாள். தாழ்வாரம் முழுக்க "நேனி! நேனி!" என்று ஓடிவரும் சத்தம் தெரு வரை கேட்கும். இப்போதெல்லாம் முத்திரை குத்திய கடிதம் வந்தால் அவள் மாவுக் கையோடே பிரிக்கிறாள். முத்திரை மார்ட்சி குத்தியது என்று அவளுக்குத் தெரியும்.

போன மாதம், முதல் பனி விழுந்த அன்று, என் மகளின் பழைய காலணியை எடுக்க இபோயா வீட்டுக்குப் போயிருந்தேன். சாயங்காலம். வீடுகளிலிருந்து ஆட்கள் வந்து அதிகாரிகளைக் கூட்டிப் போகிற நேரம். டாக்டர் லோராண்டின் மனைவி வாசலில் நின்றிருந்தார். கைப்பையை இரண்டு கையாலும் பிடித்த, களைத்துப்போன ஓர் அம்மாள். உள்ளே தலைவர் ஒரு மரக்கட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு, "இன்னும் கொஞ்ச நேரம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் முகம் எனக்கு அடையாளமே தெரியவில்லை. கன்னத்தில் கொக்கோவும் அதன் மேல் சிரிப்புமாக இருந்தது.

"இன்னிக்கு எப்படி இருந்தார்?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"நல்லா சாப்பிட்டார்ங்க. நல்லா தூங்கினார்" என்றாள் இபோயா, தலைவரின் கோட்டுக்குப் பொத்தான் போட்டபடியே. "கட்டையை யாருக்கும் தரமாட்டேங்கறார். கணக்குப் பிரிவுத் தம்பியை ஒரு தடவை கடிச்சிட்டார். மத்தபடி தொந்தரவு இல்ல."

அந்த அம்மாள் தலையாட்டினார். கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு படி இறங்கினார். பிறகு நின்று, பனியில் திரும்பி, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"ஞாயித்துக்கிழமை திறந்து வைக்க மாட்டீங்களா?"